இறங்க மறுத்த வண்டி

புதுவாயல் கூட்டுரோட்டில் ‘ஸ்டீவன் ஆட்டோ எலக்ட்ரிகல்ஸ்’ என்ற பலகையைப் பார்த்து வண்டியை ஓரங்கட்டுகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்.

“அண்ணன் இல்லீங்களா?”

“கல்லறையில கீறாரு. நீ வண்டிய நெழல்ல வுடு, நான் பாக்கறேன்” என்பாள் ஏஞ்சல்.

கேட்டவர் வருத்தம் சொல்வதா, வண்டியை எடுத்துக்கொண்டு போவதா என்று குழம்பி நிற்கும்போதே அவள் பானெட்டைத் தூக்கிக் கம்பி கொடுத்திருப்பாள். அதற்குமேல் யாரும் கிளம்பிப் போனதில்லை.

ஏஞ்சலின் புருஷன் ஸ்டீவன் இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. காலையில் நாஷ்டாவுக்கு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஏஞ்சல் அழவேண்டியதை அழுது முடித்துக் கடையைத் திறந்தாள். பலகையை மாற்றவில்லை. துருப்பிடிக்காத பலகையை எதற்கு மாற்றுவது என்று கேட்பாள். வயர் வேலையில் ஸ்டீவனைவிட அவளுக்குத்தான் கை ஓடும் என்பது கூட்டுரோடு அறிந்த சங்கதி. ஸ்டீவனே சொல்லிச் சிரிப்பார். அவர் ஒரு மாஸ்டரிடம் திட்டு வாங்கித் தொழில் படித்தவர். அவள் கம்பெனியில் படித்தவள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எத்தனையோ கம்பெனிகள் இருந்தாலும் ஏஞ்சலின் காலனிப் பெண்களுக்குக் கம்பெனி என்றால் அந்த வயர் கம்பெனி ஒன்றுதான். காருக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் வயர்களைக் கொத்தாகக் கட்டி அனுப்புகிற இடம். நீளமான மரப்பலகையில் வயர் போகும் வழி கோடாக வரையப்பட்டிருக்கும். அங்கங்கே ஆணி போல நிற்கும் கவைகளில் வயரை மாட்டிக்கொண்டே போக வேண்டும். சிவப்பு, கறுப்பு, பச்சையில் மஞ்சள் கோடு, ஊதாவில் வெள்ளைக் கோடு. முனையை அதற்குரிய ஓட்டையில் தள்ளினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். சத்தம் வந்தபிறகு லேசாகப் பின்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். தள்ளு, கேளு, இழு. புதிதாகச் சேர்ந்தவளுக்கு முதல் வாரம் முழுக்க இதுதான் பாடம். நாற்று நட்ட அம்மாக்களின் மகள்களுக்கு விரல் வேகம் பிறவியிலேயே இருந்தது. பத்தாவது முடித்த கையோடு ஏஞ்சலும் போய்ச் சேர்ந்தாள்.

பலகைக்கு அந்தப் பக்கம் அவளுக்கு எதிரில் நின்றவள் திலகவதி. பொன்னேரிப் பக்கத்து நிலம் வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். முதல் மாதம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பிறகு பேச்சை நிறுத்த சூப்பர்வைசர் படாத பாடு பட்டார். மூன்றாவது ஆளாக மேரி வந்து சேர்ந்ததும் அவரும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அடுத்த லைனுக்குப் போய்விட்டார்.

கம்பெனி பஸ்ஸை ஓட்டியவர் சுப்பிரமணி. ஆரணி ஆற்றோரம் அவர் குடும்பத்துக்கும் நிலம் இருந்தது. ஆனால் அவருக்கு ஸ்டியரிங்தான் பிடித்தது. பஸ்ஸுக்குள் இருக்கும் கண்ணாடி எப்போதும் இரண்டாவது சீட்டைப் பார்த்தே திரும்பியிருக்கும். இரண்டாவது சீட்டில் உட்காருகிறவள் திலகவதி. அவளுக்கு விஷயம் தெரிவதற்கு முன்னாலேயே பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. கல்யாணத்துக்கு அந்த ஷிப்டே வந்து சாப்பிட்டது.

அந்த பஸ்ஸின் அடியில் குலுக்கலைத் தாங்கும் கமான் பட்டைகள் எப்போதோ உடைந்து, இரும்புத் துண்டு வைத்துக் கட்டப்பட்டவை. பின்சீட்டில் உட்கார்ந்தால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் தலை கூரையில் இடிக்கும். ஏஞ்சல் முதல் பிள்ளையைச் சுமந்திருந்தபோது, யாரும் சொல்லாமலே சுப்பிரமணி அவளைச் சக்கரங்களுக்கு நடுவே இருந்த சீட்டுக்கு மாற்றினார். அங்கேதான் குலுக்கல் குறைவு. அங்கே உட்கார்ந்திருந்தவனை எழுப்பி, “நீ பின்னால போய் குதி, ஒனக்கு வயித்துல ஒண்ணுமில்ல” என்றார். அன்றிலிருந்து அது கர்ப்பிணி சீட் ஆனது. ஒருத்தி இறங்கினால் இன்னொருத்தி ஏறினாள். காலியாக இருந்ததே இல்லை. ஏஞ்சலின் அம்மா நாற்று நட்டது சுப்பிரமணி குடும்பத்து வயலில்தான். அம்மா அவர் அப்பாவை ‘ஆண்டே’ என்று அழைத்தாள். ஏஞ்சல் அவரை ‘டிரைவரண்ணா’ என்கிறாள். நடுவில் ஒரு பஸ் வந்ததால் நேர்ந்த மாற்றம்.

பிறகு கம்பெனி வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது. மேரி ஓசூருக்கு, மகள் வீட்டோடு போய்விட்டாள். சுப்பிரமணி வேறு கம்பெனி பஸ் ஓட்டினார். அப்புறம் ஒரு நாள் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன.

ஒரு சனிக்கிழமை காலை, ஏஞ்சல் கடையைத் திறந்து பெருக்கிக்கொண்டிருக்கும்போது திலகவதி போன் செய்தாள்.

“ஏஞ்சலு, கடையில கீறியா?”

“கடையில இல்லாம கலெக்டர் ஆபீஸ்லயா கீறேன்? சொல்டீ.”

“வண்டி எறங்க மாட்டேங்குது. ரெண்டு மாசமாவுது. அன்பு நாளைக்கு விக்கப் போறான்.”

“ரெண்டு மாசமா? இப்பதான் சொல்றியா? நான் இன்னா செத்தா பூட்டேன்?”

“சென்னையில பெரிய எடத்துல பாத்தாங்க, சரியாய்டும்னு இருந்தேன். அவுரு சாப்பட மாட்டேங்கறாருடீ.”

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் ஏஞ்சல் துடைப்பத்தை வைத்துவிட்டு, வயரில் கரண்ட் ஓடுகிறதா என்று காட்டும் மல்டிமீட்டரையும் கருவிப் பையையும் ஸ்கூட்டரில் மாட்டினாள்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். திலகவதியின் மகன் அன்புசெல்வன் சிப்காட்டில் நல்ல வேலையில் இருக்கிறான். கம்பெனி ஒன்றின் வெளிநாட்டு மேனேஜர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன பெரிய ஜீப் மாதிரியான காரை அவன் வாங்கியது பெருமைக்காக இல்லை. அதில் ஸ்பிரிங்குக்குப் பதில் ஏர் பலூன்கள் இருந்தன. கியர் பக்கத்தில் இருக்கும் சுவிட்சைக் கீழ்நோக்கி அழுத்தினால் பலூன்களிலிருந்து காற்று இறங்கி, வண்டி யானை மாதிரி மெல்லத் தாழும். தாழ்ந்த சீட்டும் சக்கர நாற்காலியும் ஒரே உயரத்துக்கு வரும். இரண்டுக்கும் நடுவில் வழவழப்பான பலகை ஒன்றைப் போட்டுவிட்டால், வலது கை வலுவாக இருக்கிற சுப்பிரமணி தானே நகர்ந்து தானே உட்கார்ந்துவிடுவார். ஒரு சாண் உயரம் கூடினாலும் அது நடக்காது. நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு அந்த ஒரு சாண் எவ்வளவு பெரியது என்று தெரியும். நகர்வது அவர் கையில் இருக்கிறது. தூக்குவது அடுத்தவர் கையில் இருக்கிறது.

சனிக்கிழமைதோறும் அவரைக் கூட்டுரோட்டு டீக்கடைக்குக் கூட்டிப்போவார்கள். முன்சீட்டில் உட்கார்ந்தபடியே ஜன்னல் வழியாக டீ வாங்கிக் குடிப்பார். பழைய டிரைவர்கள் வந்து கதவில் சாய்ந்து நிற்பார்கள். போகிற வருகிற கம்பெனி பஸ்களை எல்லாம் திட்டுவார்கள். வாரத்துக்கு ஒரு நாள்தான், ஆனால் மற்ற ஆறு நாளும் அதைச் சாப்பிட்டுத்தான் அவர் உயிரோடு இருந்தார்.

வண்டி தாழாமல் போன முதல் சனிக்கிழமை, அன்பும் பக்கத்து வீட்டுக்காரரும் அவரைத் தூக்கி வைத்தார்கள். தூக்கியதில் கைலி அவிழ்ந்துவிட்டது. தெருவில் பெண்கள் நின்றிருந்தார்கள். திரும்பி வந்து கட்டிலில் படுத்ததும் சுப்பிரமணி சொன்னார்: “இன்னொரு தபா என்ன தூக்கறதுன்னா நாலு பேரா வாங்க. சங்கு ஊதறவனயும் கூட்டினு வாங்க.”

அதற்குப் பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர்தான்.

ஏஞ்சல் போனபோதும் அப்படியே படுத்திருந்தார். கட்டில் ஜன்னலோரம், ஜன்னலுக்கு வெளியே வண்டி நின்றது. தட்டில் இட்லி ஒரு விள்ளல் குறைந்திருந்தது.

“டிரைவரண்ணா, ஏஞ்சல் வந்துகீறேன்.”

முதுகு எலும்பு சட்டைக்கு மேலே தெரிந்தது. ஏஞ்சல் மேற்கொண்டு நலம் விசாரிக்கவில்லை. படுத்த ஆளிடம் நலம் விசாரிப்பதால் அவருக்கு ஒரு லாபமும் இல்லை. நேரே வெளியே வந்தாள்.

“ஆன்ட்டி, நாளைக்குப் பதினோரு மணிக்கு அந்த ஆளு வர்றாரு” என்றான் அன்பு. “பலூன் போச்சு, பம்பு போச்சு, மாத்தணும்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. என்னால முடியல. ஒங்களால சாயங்காலத்துக்குள்ள ஆச்சுன்னா வெச்சிக்கறேன். இல்லன்னா வேற சின்ன வண்டி வாங்கிடுவேன்.”

“சின்ன வண்டியில ஒங்கப்பன் எப்படி ஏறுவாரு?”

அது அவனுக்கும் தெரியும். தாழாத வண்டியை வாசலில் நிறுத்தி, தினமும் அப்பா அதைப் பார்த்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்புவதை அவன் எவ்வளவு நாள் பார்ப்பான்?

ஏஞ்சல் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சுவிட்சை மேல்நோக்கி அழுத்தினாள். பம்பு உறுமியது, வண்டி உயர்ந்தது. கீழ்நோக்கி அழுத்தினாள். சுவிட்சில் ஒரு சின்ன விளக்கு கண் சிமிட்டி அணைந்தது. அவ்வளவுதான்.

“பம்பு நல்லா கீது. பலூனும் காத்து புடிக்குது. ஏற தெரிஞ்சவனுக்கு எறங்கத் தெரியாதா?” என்று சொல்லிக்கொண்டே சுவிட்சைக் கழற்றினாள். அதிகம் அழுத்தப்பட்ட இடம்தான் முதலில் தேயும் என்பது அவள் கணக்கு. உள்ளே தொடுபுள்ளி மங்கித்தான் இருந்தது. சுத்தம் செய்து மாட்டினாள். அழுத்தினாள்.

‘உஸ்ஸ்…’ என்றபடி வண்டி தாழ்ந்தது.

திலகவதி கையைத் தட்டினாள். ஏஞ்சல் மறுபடி உயர்த்தி மறுபடி தாழ்த்தினாள். தாழ்ந்தது. ஜன்னல் வழியாக, “அண்ணா, சட்டைய மாத்துங்க. டீக்கடைக்குப் போவலாம்” என்று கத்தினாள்.

முதுகு அசைந்தது. திலகவதி உள்ளே ஓடி முகம் துடைத்து, சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டாள். வெளியே வந்து முன்கதவை அகலமாகத் திறந்து, இரண்டு மாதத் தூசியைத் துடைத்து, பலகையைச் சீட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள். சுப்பிரமணி உட்கார்ந்த நாற்காலி வாசல் சரிவில் இறங்கி வந்தது. அவர் பார்க்க வேண்டும் என்று ஏஞ்சல் வண்டியை ஒரு முறை உயர்த்தி, பிறகு கீழே அழுத்தினாள்.

விளக்கு கண் சிமிட்டி அணைந்தது.

மறுபடி அழுத்தினாள். மறுபடி. வண்டி அசையவில்லை.

வெள்ளைச் சட்டையோடு சுப்பிரமணி கொஞ்ச நேரம் வண்டியைப் பார்த்தார். பிறகு வலது கையால் நாற்காலிச் சக்கரத்தை வீட்டுப் பக்கம் திருப்பப் பார்த்தார். ஒரு கையால் திருப்பினால் நாற்காலி வட்டமடிக்கத்தான் செய்யும். அன்பு வந்து தள்ளிக்கொண்டு போனான்.

ஏஞ்சல் தன்னையே திட்டிக்கொண்டாள். ஆறாத புண்ணுக்கு ஆறிவிட்டது என்று கட்டைப் பிரித்த மாதிரி ஆகிவிட்டது. இன்று இது சரியாகாவிட்டால் இனிமேல் அவர் சட்டையே மாற்ற மாட்டார்.

ஆனால் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் ஒரு வேலை இல்லை. சக்கரத்துக்குப் பின்னால் இருந்த, பலூன் காற்றைத் திறந்துவிடும் வால்வுக்கு பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்துப் பார்த்தாள். அந்த மூலை உடனே ‘உஸ்’ என்று தாழ்ந்தது. அப்படியானால் வால்வு நல்லது. சுவிட்சும் நல்லது. இரண்டுக்கும் நடுவில் யாரோ வேண்டாம் என்று தடுக்கிறார்கள். கை கால் எல்லாம் சரியாக இருந்தும் எழுந்திருக்க மாட்டேன் என்கிற நோயாளி மாதிரி. அங்கே கை காலைப் பிடித்துவிட்டுப் பயனில்லை. ஏன் மாட்டேன் என்கிறார் என்று கேட்க வேண்டும்.

“திலகா, இங்க வா. ரெண்டு வாட்டி எறங்குச்சு. அப்பறம் எறங்கல. நடுவுல நீ இன்னா பண்ண?”

“நான் இன்னா பண்ணேன்? கதவத் தெறந்து சீட்டத் தொடச்சேன். அதுவும் குத்தமா?”

“குத்தம்னு யாருடீ சொன்னா? எந்தக் கதவு?”

“அவுரு ஏறுற கதவுதான்.”

அன்பு நெற்றியைத் தேய்த்தான். “ஆன்ட்டி, சென்னையில கம்ப்யூட்டர் மாட்டிப் பாத்தாங்களே, அதுலகூட கதவு தெறந்திருக்குன்னுதான் வந்துச்சு. மூடித்தான் இருந்துச்சு. அவங்களும் நாலு கதவையும் தெறந்து மூடினாங்க. அப்பறம் சரின்னு காட்டிட்ச்சு. வண்டியும் எறங்குச்சு. ஊட்டாண்ட வந்ததும் மறுபடி எறங்கல.”

ஏஞ்சல் நிமிர்ந்தாள். கதவு திறந்திருந்தால் வண்டி தாழாது, தாழவும் கூடாது. ஒரு ஆள் கால் வைத்து இறங்கும்போது வண்டி அவர்மேல் உட்கார்ந்துவிடக்கூடாது என்று செய்து வைத்திருக்கிறார்கள். மூடிய கதவை இந்த வண்டி திறந்திருப்பதாக நினைக்கிறது. அப்படி நினைத்தால் அதை எங்காவது சொல்லியிருக்குமே?

ஸ்டியரிங்குக்கு முன்னால் வேகம் காட்டும் மீட்டரைப் பார்த்தாள். அதன் கண்ணாடியின் இடது ஓரத்தில், சந்தனத்தின் மேல் குங்குமம், அதன் மேல் சந்தனம், அதன் மேல் குங்குமம் என்று ஒரு பொட்டு வடை மாதிரித் தடித்திருந்தது.

“இது இன்னாடீ?”

“வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வெக்கறேன். அவுரு பஸ்லயும் அங்கதானே வெப்பாரு.”

ஏஞ்சல் துணியை எடுத்தாள். பிறகு நிறுத்திக்கொண்டாள். “நீயே தொட.”

“நீ தொடைடீ. சாமி ஒண்ணும் சொல்லாது.”

“சாமி சொல்லாது. நீ சொல்லுவ. நாளைக்கு வண்டி எங்கனா நின்னுச்சுன்னா, ஏஞ்சலு பொட்ட அழிச்சா, அதான்னுவ.”

திலகவதி முறைத்துக்கொண்டே முந்தானையால் துடைத்தாள். பொட்டு காய்ந்து இறுகியிருந்ததால் நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. அடியில், கதவு திறந்த குட்டிக் கார் மாதிரி ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாலு கதவும் மூடியிருந்தன.

“உள்ள மேல ஒரு லைட்டு இருக்கணுமே?” என்றாள் ஏஞ்சல்.

“அது அணையவே இல்ல ஆன்ட்டி. பேட்டரி போவுதுன்னு பல்பக் கழட்டிட்டேன்.”

“நல்ல குடும்பம்டா. அது ரெண்டு மாசமா கத்திக்கினு கீது. ஆத்தா ஒரு வாயில பொட்டு வெச்சா, மவன் இன்னொரு வாயப் புடுங்கிட்டான்.”

மூன்று பேரும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு வேலை நேரானது. முன்கதவின் பூட்டுக்குள் இருக்கும் சின்ன சுவிட்ச் மல்டிமீட்டரில் சரியாகப் பேசியது. கதவும் வண்டி உடம்பும் சேருமிடத்தில், வயர்க் கொத்து ஒரு ரப்பர் குழாய்க்குள் நுழைந்து போகும். குழாய்க்கு இந்தப் பக்கம் அதன் ‘பீப்’ சத்தம் இருந்தது, அந்தப் பக்கம் இல்லை. ரப்பரை உருவினாள். ஒரு வயர், மேல்தோல் நீண்டு வெளுத்து, உள்ளே செம்பு அறுந்து கிடந்தது. முனைகள் அதிர்ஷ்டம் இருந்தால் தொடும், இல்லாவிட்டால் தொடாது. காலையில் இரண்டு முறை வண்டி தாழ்ந்தது சுவிட்சால் இல்லை, அந்த அதிர்ஷ்டத்தால்தான். பக்கத்து வயர்களும் இழுபட்டு மெலிந்திருந்தன.

“கதவு இவ்ளோ தூரம் தெறக்காதே. தடுக்கற ஸ்டாப்பர் எங்க?”

“நாற்காலி கிட்ட வரணும்னு பொன்னேரியில டிங்கர் கலியன் கிட்ட சொன்னேன். அவரு கழட்டிட்டாரு” என்றான் அன்பு.

இப்போது ஏஞ்சலுக்கு முழுதும் விளங்கியது. அப்பாவுக்காகக் கதவை அகலமாக்கினான். கதவு அகலமானதால் வயர் அறுந்தது. ஸ்டாப்பரை மறுபடி மாட்டினால் வயர் பிழைக்கும், ஆனால் நாற்காலி சீட்டுக்கு அருகே வராது. மாட்டாவிட்டால் ஒட்டுப்போட்ட வயர் அடுத்த மாதமே மறுபடி அறும்.

“ஒட்டுப் போட்டா ஆவாது. கொத்தையே நீளமா புதுசா கட்டணும்” என்றாள். கடைச் சாவியை அன்புவிடம் கொடுத்து, எந்த ரேக்கில் எந்த நிற வயர், எங்கே டேப், எங்கே நீளமான ரப்பர் குழாய் என்று சொல்லி அனுப்பினாள். பிறகு திலகவதியைப் பார்த்தாள். “கைய கழுவிட்டு வா. வளையல கழட்டு.”

“நானா? எனக்கு மறந்து போச்சுடீ.”

“மறந்தா ஞாபகம் வரும். வா.”

ஹாலில் இருந்த சாப்பாட்டு மேசையைக் காலி செய்தார்கள். பலகை இல்லை, பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் ஏஞ்சல் கோடு போட்டாள். கவைகளுக்குப் பதில் துணி உலர்த்தும் கிளிப்புகள். அன்பு வயரோடு வந்து சேர்ந்ததும் ஏஞ்சல் இந்தப் பக்கமும் திலகவதி அந்தப் பக்கமும் நின்றார்கள்.

முதல் முனையை ஓட்டைக்கு எதிரே இரண்டு தரம் வைத்துப் பார்த்துவிட்டுத் திலகவதி தள்ளினாள். ‘டிக்’ என்றது. யாரும் சொல்லாமல் அவள் விரல் அதை லேசாகப் பின்னால் இழுத்துப் பார்த்தது.

“மறந்துட்ச்சுன்னியே?”

“கை பண்ணுதுடீ, நான் பண்ணல.”

பிறகு அவர்கள் வயரைப் பார்க்கவில்லை. கை அதன் பாட்டுக்குப் போனது, வாய் அதன் பாட்டுக்குப் போனது. பாதி டேப் மேல் பாதி டேப் படிகிற மாதிரி சுற்றிக்கொண்டே கேன்டீன் சாம்பாரைத் திட்டினார்கள். அந்தச் சாம்பாரில் பருப்பைத் தேட மேரி டார்ச் கேட்டதையும், சூப்பர்வைசர் அதற்கு மெமோ கொடுத்ததையும், மெமோவில் டார்ச் என்ற வார்த்தையைப் படித்து மேலாளரே சிரித்ததையும் பேசினார்கள். மழை நாளில் பஸ்ஸுக்குள் குடை பிடித்தது. பொங்கலுக்கு முதல் நாள் லைனில் கரும்பு ஒளித்து வைத்தது. கிறிஸ்துமஸ் கேக்கை வயர் ட்ரேயில் வைத்து லைன் முழுக்க அனுப்பியது. அந்த லைன் நடந்த இடத்தில் இப்போது அட்டைப்பெட்டிகள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஏஞ்சல் அந்த வழியாகப் போகும்போது தலையைத் திருப்புவதில்லை. திருப்பினால் வண்டி ஓட்ட முடியாது.

“ஆனா ஒண்ணுடீ” என்றாள் ஏஞ்சல், குரலைக் கொஞ்சம் உயர்த்தி. “அந்த பஸ்ஸு எப்படித்தான் இடிக்காம போச்சோ. ஓட்டறவரு ஒரு நாளாவது ரோட்டப் பாத்தாரா? கண்ணாடி முழுக்க ஒன் மூஞ்சிதான்.”

“சும்மா இருடீ, புள்ள நிக்கறான்.”

உள்ளேயிருந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு குரல் வந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்ததால் வார்த்தைகள் வழுக்கின.

“கண்ணாடி… பின்னால வர்ற லாரிக்கு வெச்சேன்.”

திலகவதியின் கை நின்றுவிட்டது. ரெண்டு வார்த்தை சேர்த்து அவர் பேசிப் பல வாரம் ஆகியிருந்தது. அன்பு கதவருகே அசையாமல் நின்றான். ஏஞ்சல் மட்டும் டேப் சுற்றுவதை நிறுத்தவில்லை. இந்த நேரத்தில் எல்லோரும் ஓடிப்போய் அவரைச் சூழ்ந்தால் அவர் மறுபடி வாயை மூடிக்கொள்வார்.

“லாரி ரெண்டாவது சீட்டுல ஒக்காந்துக்கினு பூ வெச்சிருந்துச்சா அண்ணா?”

கட்டில் கிறீச்சிட்டது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் இந்தப் பக்கம் திரும்புகிற சத்தம்.

“கனகாம்பரம்” என்றார்.

வெயில் தாழ்ந்தபோது புதுக் கொத்து கதவுக்குள் போய் உட்கார்ந்தது. கதவை முழுக்கத் திறந்தாலும் ரப்பர் குழாய்க்குள் வயர் இன்னும் கொஞ்சம் தொய்வாகவே இருந்தது. ஏஞ்சல் கதவைத் திறந்தாள், மூடினாள், அகலமாகத் திறந்தாள், மூடினாள். கை வலித்ததும் அன்புவைச் செய்யச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது. காலையில் செய்த தவறை அவள் இரண்டாவது முறை செய்வதாக இல்லை. வண்டியைத் தாழ்த்தி, உயர்த்தி, அன்புவை ஆற்றுப் பாலம் வரைக்கும் ஓட்டிப்போய்த் திரும்பச் சொல்லி, வந்த பிறகும் தாழ்த்திப் பார்த்தாள்.

பிறகுதான் உள்ளே போனாள். “அண்ணா, வண்டி எறங்கிட்ச்சு. வர்றதும் வராததும் ஒங்க இஷ்டம்.”

அவர் வெள்ளைச் சட்டையைக் கழற்றவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள்.

நாற்காலி, தாழ்ந்த வண்டியின் முன்சீட்டை ஒட்டி வந்து நின்றது. நாற்காலியின் வலது கைப்பிடியைக் கழற்றினார்கள். கதவு அகலமாகத் திறந்திருந்தது. பலகையின் ஒரு முனை நாற்காலியில், மறுமுனை சீட்டில். சுப்பிரமணி வலது கையைப் பலகையில் ஊன்றினார். இரண்டு மாதம் படுத்த உடம்பு. முதல் உந்தலில் நகரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. திலகவதி ஓடப் போனாள். ஏஞ்சல் அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் அன்பு நிற்கிறான், அது போதும். பார்த்துக்கொள்கிற வேலையில் கஷ்டமான பாகம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான்.

இரண்டாவது உந்தலில் ஒரு விரல் தூரம். மூச்சு வாங்கினார். இன்னொன்று. இன்னொன்று. பலகை தீர்ந்து சீட் வந்தது. வலது கையால் இடது காலை முழங்காலுக்கு அடியில் பிடித்துத் தூக்கி உள்ளே வைத்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“அப்பா, நாளைக்கு அந்த ஆளு…” என்று ஆரம்பித்தான் அன்பு.

“வரட்டும். அவ்ளோ தூரம் வர்றான். டீ வாங்கிக் குடுத்து அனுப்பு.”

அன்பு தலையை ஆட்டிவிட்டு, போனை எடுத்துப் பார்த்து, திரும்பச் சட்டைப் பையில் போட்டான். வரச் சொல்வதா வேண்டாம் என்பதா என்பதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான் போல. சுற்றிப்போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தான்.

திலகவதி பின்சீட்டில் ஏறினாள். ஏறியவள் கையில் வளையல் இல்லை, காலில் வீட்டுச் செருப்பு. அது எதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

ஏஞ்சல் இன்னும் திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு, ரப்பர் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இன்னாமே பாக்கற? கதவ சாத்து. டீக்கடையில கூட்டம் கலஞ்சிடும்” என்றார் சுப்பிரமணி.

சாத்தினாள். வண்டி மெல்ல உயர்ந்து தெருமுனை திரும்பிப் போனது. வீடு திறந்தே கிடந்தது. ஏஞ்சல் உள்ளே போய் மேசையிலிருந்த வயர்த் துண்டுகளைப் பொறுக்கினாள். ஃபேனை நிறுத்தினாள். கட்டில் விரிப்பை எடுத்து உதறி, வெயிலில் கொஞ்ச நேரமாவது காயட்டும் என்று கொடியில் போட்டாள். பிறகு கதவைப் பூட்டிச் சாவியைக் கருவிப் பையில் போட்டுக்கொண்டு, அவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் போய்ச் சேர ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.